ஹவானா சுருட்டுக்குச் சூடுதான் பகை: ஒரு வாசகரின் கேள்விகளுக்கு விடை

சென்னையில் வசிக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். ஹவானாவுக்குச் சென்று திரும்பிய அவருடைய மைத்துனர், பார்த்தகாஸ் சீரியே டி நம்பர் 4 என்ற சுருட்டுகள் பத்து அடங்கிய மரப்பெட்டி ஒன்றை அன்பளிப்பாகத் தந்திருக்கிறார். புகைப் பழக்கம் இல்லாத வாசகர், கெட்டுவிடக்கூடாதே என்று அதை இரண்டு மாதங்களாக ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறார். பொங்கல் விடுமுறையில் பழைய கல்லூரி நண்பர்கள் மூவர் வீட்டுக்கு வரும்போது ஆளுக்கொன்று பற்றவைக்கலாம் என்பது அவருடைய எண்ணம். பெட்டி அசல்தானா, எப்படி வைத்திருப்பது, எப்படி வெட்டிப் பற்றவைத்துச் சுவைப்பது, புகையை உள்ளே இழுக்காவிட்டால் கெடுதல் இல்லை என்கிறார்களே, அது உண்மையா என்று கேட்டிருக்கிறார்.

முதலில் பெட்டியை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துவிடுங்கள். புகையிலை, சுற்றிலும் உள்ள காற்றுக்கேற்ப ஈரத்தை உறிஞ்சவும் விடவும் செய்யும் இலை. கியூபச் சுருட்டுக்கு 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 65 முதல் 70 சதவீத ஈரப்பதமும் ஏற்றவை. உறைபனி படியாத இன்றைய ஃப்ரிட்ஜ்கள் உள்ளே இருக்கும் காற்றின் ஈரத்தை இடைவிடாமல் வெளியேற்றுவதால், காற்றுப் புகாத உறையில் போடாமல் வைத்த சுருட்டு காய்ந்து போவதோடு, பக்கத்தில் இருக்கும் பூண்டு, பெருங்காயம், நேற்றைய மீன் குழம்பு ஆகியவற்றின் வாசனையையும் ஏற்றுக்கொள்ளும். அதற்காகச் சென்னை அறை ஒன்றின் அலமாரியில் அப்படியே வைத்துவிடவும் முடியாது. புகையிலை வண்டு என்று ஒன்று உண்டு. அதன் முட்டைகள் இலைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்து, வெப்பம் ஏறத்தாழ இருபத்துநான்கு டிகிரியைத் தாண்டி நீடிக்கும்போது பொரிக்கும். புழு உள்ளே தின்றுகொண்டே போக, வண்டாகி வெளியேறும் இடத்தில் குண்டூசி குத்தியது போன்ற வட்டமான துளை விழும். கியூபாவில் இப்போது ஏற்றுமதிக்கு முன் சுருட்டுகளை உறையவைத்து முட்டைகளை அழிக்கிறார்கள் என்றாலும், முப்பது டிகிரிக்கு மேற்பட்ட அறையில் மாதக்கணக்கில் வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டிய விஷயம் அல்ல அது. துளையோ பொடியோ தென்பட்டால், சுருட்டுகளை இறுக்கமாக மூடிய பையில் இட்டு ஃப்ரீசரில் மூன்று நான்கு நாட்களும், பிறகு ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு நாளும் வைத்து, அதன்பின் வெளியே எடுங்கள்.

ஹியூமிடார் எனப்படும் சந்தனப்பெட்டி போன்ற அலங்காரப் பெட்டி உங்களுக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. பத்துச் சுருட்டுக்கு, ரப்பர் விளிம்புள்ள, வாசனையற்ற பிளாஸ்டிக் டப்பா ஒன்று, ஈரத்தைத் தானே ஏற்றவும் இறக்கவும் செய்யும் 65 சதவீதப் பாக்கெட் ஒன்று, சிறிய ஈரப்பதமானி ஒன்று போதும். மரப்பெட்டியை அப்படியே டப்பாவுக்குள் வைத்து, வீட்டிலேயே குளிர்ச்சியான, வெயில் படாத இடத்தில், முடிந்தால் ஏசி நெடுநேரம் ஓடும் அறையில் வையுங்கள். மலிவான ஈரப்பதமானிகள் பொய் சொல்லும். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பை இட்டுச் சில துளி நீரால் கூழாக நனைத்து, அதோடு மானியையும் மூடிய உறையில் அரை நாள் வைத்தால் அது 75 காட்ட வேண்டும். எத்தனை கூடக் குறையக் காட்டுகிறதோ, அத்தனையைக் கழித்தோ கூட்டியோ படித்துக்கொள்ளுங்கள். காய்ந்த சுருட்டை அவசரமாக நனைத்தால் உள்ளிலை ஊதி மேலிலை வெடித்துவிடும் என்பதால், ஈரம் மெல்ல ஏறச் சில வாரங்கள் விடுங்கள். விரலால் லேசாக அழுத்தும்போது நொறுங்கும் ஓசையின்றி அமுங்கி மீள வேண்டும். மேலே வெண்பூச்சு தெரிந்தால் அது முதிர்ச்சியின் அடையாளம் என்று சிலர் பெருமைப்படுவார்கள். நான் நம்புவதில்லை, பெரும்பாலும் அது பூஞ்சைதான்.

இனி, அசலா போலியா என்பது. இந்தச் சந்தேகம் நியாயமானது. தொழிற்சாலையில் வேலை செய்யும் உறவினர் மூலம் கிடைத்தது என்று சொல்லி ஹவானாத் தெருக்களில் விற்கப்படுபவை பெரும்பாலும் போலி. அசல் கியூபச் சுருட்டு முழுவதையும் உலகெங்கும் விற்பது 1994இல் தொடங்கப்பட்ட ஹபானோஸ் என்ற ஒரே நிறுவனம். பெட்டியின் முன்புறம் பச்சையும் வெள்ளையுமான அரசு உத்தரவாத முத்திரைத் தாள் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அண்மைக் காலப் பெட்டிகளில் அதில் ஹோலோகிராமும் பார்கோடும் இருக்கும். அந்த எண்ணை ஹபானோஸின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். மேல் மூலையில் சாய்வாக 'ஹபானோஸ்' பட்டை இருக்கும். பெட்டியைத் திருப்பினால், அடிப்பலகையில் நிறுவனத்தின் பெயரும், 'எச்சோ என் கூபா', அதாவது கியூபாவில் செய்தது என்பதும், 'தோத்தால்மெந்தே அ மானோ', அதாவது முழுக்கக் கையால் செய்தது என்பதும் மரத்தில் சுட்டுப் பதிக்கப்பட்டிருக்கும். விரலால் தடவினால் பள்ளம் தெரியும். அதனருகே தொழிற்சாலைக் குறியீடும், ஸ்பானிய மாதப் பெயரின் முதல் மூன்று எழுத்துகளோடு ஆண்டும் மையால் குத்தப்பட்டிருக்கும். உள்ளே பத்தும் ஒரே நிறச் சாயலில், காகிதப் பட்டைகள் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். ஸ்கேல் ஒன்று இருந்தால் இன்னொரு சோதனையும் செய்யலாம். உங்கள் சுருட்டு ரொபுஸ்தோ என்ற அளவைச் சேர்ந்தது. நீளம் 124 மில்லிமீட்டர், பருமன் எண் 50. பருமன் எண் என்பது அங்குலத்தில் அறுபத்து நான்கில் ஒரு பங்கைக் கணக்காகக் கொண்டது. ஆகவே விட்டம் 20 மில்லிமீட்டருக்குச் சற்றே குறைவாக இருக்கும். கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் வரும் கோஹிபா என்ற கியூபச் சுருட்டு வகையை யாராவது நீட்டினால், எந்தச் சோதனையும் வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பற்றவைக்கும் முறையைச் சொல்வதற்கு முன், கையில் இருப்பது எப்படிக் கட்டப்பட்ட பொருள் என்று தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் பின்னால் சொல்லப்போகும் விதிகள் யாவும் அதிலிருந்தே வருகின்றன. கியூபாவின் மேற்குக் கோடியில் உள்ள பினார் தெல் ரியோ மாகாணத்தின் வுயெல்தா அபாஹோ வட்டாரம் இந்தப் புகையிலையின் தாயகம். மேலிலைக்கு வளர்க்கும் செடிகளை மெல்லிய துணிப்பந்தலின் கீழ், வெயில் வடிகட்டி விழும்படி வளர்ப்பார்கள். அதனால் இலை மெலிந்து, நரம்பு தடிக்காமல் வரும். உள்ளே இருக்கும் பூரண இலைகளும் அவற்றைப் பிடித்துக் கட்டும் நடு இலையும் திறந்த வெயிலில் வளர்ந்தவை. செடியின் அடியில் இருக்கும் வொலாதோ காரம் குறைந்தது, நன்றாக எரியும். நடுவில் இருக்கும் செகோ மணம் தருவது. உச்சியில் வெயிலை முழுக்க வாங்கும் லிஹேரோ தடித்தது, காரமானது, மெல்ல எரிவது. பாடம் போட்டபின் லிஹேரோவைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் முதிரவிட்டே பயன்படுத்துவார்கள். சுருட்டுபவர் அதை எப்போதும் நட்டநடுவில் வைத்து மற்றவற்றால் சூழ்கிறார். விரைந்து எரிவது வெளியே, மெல்ல எரிவது உள்ளே என்ற இந்த அடுக்கின் சமநிலையை, வேகமாக இழுப்பவர் ஐந்தே நிமிடத்தில் குலைத்துவிடுவார். கங்கு அளவுக்கு மீறிச் சூடேறினால் மணத்தைத் தரும் எண்ணெய்கள் கருகி, கசப்பு மட்டும் மிஞ்சும். எத்தனை விலை கொடுத்து வாங்கிய சுருட்டானாலும் இதற்கு விலக்கில்லை.

வாயில் வைக்கும் முனை, மேலிலையிலிருந்தே வெட்டிய துண்டுகளை மரப்பிசினால் ஒட்டி மூடப்பட்டது. அந்த மூடி மேலிலையோடு சேரும் இடத்தில் மெல்லிய கோடு ஒன்று தெரியும். அந்தக் கோட்டுக்கு மேலே, ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் விட்டு, இரட்டைக் கத்தியுள்ள கட்டரால் தயங்காமல் ஒரே அழுத்தில் வெட்டுங்கள். கோட்டைத் தாண்டி வெட்டினால் மேலிலை பிரிந்து வந்துவிடும். பல்லால் கடிப்பது படங்களுக்குச் சரி. வெட்டியபின் பற்றவைக்காமலே ஒருமுறை இழுத்துப் பாருங்கள். காற்று லேசான தடையோடு வர வேண்டும். வைக்கோல், மரம், உலர்பழம் போன்ற மணங்களும் அப்போதே நாவுக்குத் தெரியும். சுருட்டைக் காதருகே வைத்து உருட்டிக் கேட்பதாலும், பிராந்தியில் முனையை முக்குவதாலும் பயன் ஏதுமில்லை. முன்னது மேலிலையையும் பின்னது சுவையையும் கெடுக்கும்.

பெட்ரோல் லைட்டரும் மெழுகுவத்தியும் ஆகாது. அவற்றின் வாடை முதல் இழுப்பிலேயே இலைக்குள் போய்விடும். வாசனையற்ற பியூட்டேன் வாயு லைட்டரோ, மருந்து முழுதும் எரிந்து முடியும்வரை காத்திருந்து பயன்படுத்தும் நீளமான தீக்குச்சியோ, பெட்டிக்குள் இருந்தால் தேவதாரு மரச்சீவலோ நல்லது. சுருட்டை இன்னும் வாயில் வைக்காமல், சற்றே சாய்த்துப் பிடித்து, சுடர் நேரே படாமல் அதன் மேல்வெப்பம் மட்டும் படும்படி அடிமுனையை வாட்டுங்கள். விளிம்பு முழுதும் கருத்து, நடுவில் ஆங்காங்கே செம்மை தெரியும்வரை சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு வாயில் வைத்து, சுடரைச் சிறிது தள்ளியே பிடித்து, சுழற்றியபடி இரண்டு மூன்று முறை மெல்ல இழுங்கள். முனையில் லேசாக ஊதிப் பார்த்தால் எந்தப் பக்கம் இன்னும் பற்றவில்லை என்பது தெரிந்துவிடும்.

நிமிடத்துக்கு ஓர் இழுப்பு என்பது நல்ல கணக்கு. புகையை வாயளவில் வாங்கி, இரண்டு மூன்று வினாடிகள் நாவின் மேல் உலவவிட்டு, வெளியே விடுங்கள், நெஞ்சுக்குள் இழுக்கக்கூடாது. நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பகுதி மூக்கின் வேலை. ஆகவே பழகியவர்கள் வாயில் இருக்கும் புகையில் சிறிதளவை மூக்கு வழியாக விடுவார்கள். முதல் நாளில் அது கண்ணீரை வரவழைக்கும் என்பதால், ஒருமுறை மட்டும் மிகக் கொஞ்சமாக முயன்று பாருங்கள். முதல் மூன்றிலொரு பங்கில் மரமும் வறுத்த தானியமும், நடுப்பங்கில் காபி, கொக்கோ, தோல் போன்ற ஆழ்ந்த மணங்களும், கடைசியில் மிளகுக் காரமும் பார்த்தகாஸில் பொதுவாகத் தெரிபவை. புகை பின்னோக்கி வரும்போது எண்ணெயும் நிகோட்டினும் மீதமுள்ள இலையில் படிந்துகொண்டே வருவதால்தான் கடைசிப் பங்கு காரமாகிறது. மற்றவர் சொல்லும் மணம் உங்களுக்குத் தெரியாவிட்டால் கவலை வேண்டாம். முதல் சுருட்டில் பங்குக்குப் பங்கு சுவை மாறுவதைக் கவனித்தாலே போதுமானது.

சாம்பலைத் தட்டிக்கொண்டே இருக்காதீர்கள். இரண்டு சென்டிமீட்டர்வரை நிற்கும் சாம்பல், காற்றைத் தடுத்துக் கங்கின் சூட்டைத் தணிக்கும். அதற்கு மேல் நீட்டி நிறுத்தும் போட்டி சட்டைக்குத்தான் சேதம். காகிதப் பட்டையை உடனே உரிக்க வேண்டாம்; கங்கின் வெப்பத்தில் பசை இளகியபின் எளிதாகக் கழன்றுவிடும். ஒரு பக்கம் மட்டும் வேகமாக எரிந்தால், மெல்ல எரியும் பக்கத்தைக் கீழே திருப்பிச் சற்று ஓய்வு கொடுங்கள். அணைந்துவிட்டால் சாம்பலைத் தட்டி, உள்ளே தேங்கிய பழம்புகையை வெளிப்பக்கமாக ஒருமுறை ஊதித் தள்ளிவிட்டு மறுபடி வாட்டிப் பற்றவைக்கலாம்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. புகையை உள்ளே இழுக்காவிட்டால் கெடுதல் இல்லை என்பது தவறு. சிகரெட் புகையைவிடச் சுருட்டுப் புகை காரத்தன்மை (நாவில் உறைக்கும் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான தன்மை) மிக்கது. அதனால் நிகோட்டின் நுரையீரலுக்குப் போகாமலே வாயின் உட்தோல் வழியாக இரத்தத்தில் சேரும். வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய் ஆகியவற்றின் புற்றுநோய்க்கும் சுருட்டுக்கும் உள்ள தொடர்பு நிறுவப்பட்டது. தீங்கற்ற அளவு என்று ஒன்று கிடையாது. ரொபுஸ்தோ ஒன்றில் பத்துச் சிகரெட்டுக்கும் மேற்பட்ட புகையிலை இருக்கிறது. நண்பர்களில் யாருக்காவது இதய நோயோ உயர் இரத்த அழுத்தமோ இருந்தால் அவருக்கு நீட்டாதீர்கள். நீங்களும் ஆசைக்கு ஒன்று என்று நிறுத்திக்கொள்ளலாம், அதுவும் வேண்டாம் என்று முடிவு செய்தாலும் எதையும் இழந்துவிட மாட்டீர்கள்.

1845இல் தொடங்கிய பார்த்தகாஸ், காரத்துக்குப் பெயர் பெற்ற வகை; புதியவருக்கு நான் தேர்ந்திருக்க மாட்டேன். இதே அளவில் ஓயோ தெ மொந்தெரேயின் எபிகுரே நம்பர் 2 எவ்வளவோ மென்மையானது. கையில் இருப்பது இதுதான் என்பதால், வெறும் வயிற்றில் தொடவே தொடாதீர்கள். மிதமான உணவுக்குப் பின், பால் கலக்காத காபியோடும் தண்ணீரோடும், மொட்டைமாடியில் பிள்ளைகளும் முதியவர்களும் இல்லாத நேரத்தில் உட்காருங்கள். திருமண மண்டபம், உணவகம் போன்ற பொது இடங்களில் புகைப்பதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை உண்டு. வியர்வையும் தலைச்சுற்றலும் குமட்டலும் வந்தால் நிகோட்டின் ஏறிவிட்டது என்று பொருள். உடனே கீழே வைத்துவிட்டு, சர்க்கரை கலந்த ஏதாவது குடித்துச் சற்று நேரம் சாய்ந்திருங்கள்; பெரும்பாலும் சரியாகிவிடும்.

முழுதும் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ரொபுஸ்தோ முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம்வரை வரும். விரலுக்குச் சூடு உறைக்கத் தொடங்கினாலோ சுவை கசப்புக்குத் திரும்பினாலோ நிறுத்திவிடலாம். நசுக்கி அணைத்தால் நாற்றம் எழும். சாம்பல் கிண்ணத்தில் கிடத்திவிட்டால் சில நிமிடங்களில் தானே அணையும். பாதிச் சுருட்டை மறுநாளுக்கு எடுத்துவைக்காதீர்கள். மீதமுள்ள ஆறும் டப்பாவுக்குள் 65 சதவீத ஈரத்தில் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். பாக்கெட் கல்போல் இறுகும்போது மட்டும் புதிதாக மாற்றிவிடுங்கள்.