பூண்டு, மஞ்சள், துவர்ப்புத் தழை: தீவனத்தில் எது எடுபடும்?

டாக்டர், வாடை போகட்டும் என்று முழுப் பூண்டை அவித்துக் கோழிக்குக் கொடுக்கிறேன். சரியா?

வாடை போனால் சரக்கும் போச்சு. பூண்டை நசுக்கும்போதுதான் அதிலுள்ள நொதி வேலை செய்து அல்லிசின் என்ற கிருமியெதிர்ப்புப் பொருள் உண்டாகிறது. முழுசாக அவித்தால் அந்த நொதி கெட்டுவிடும். பச்சையாக நசுக்கி, சற்று விட்டுக் கலந்து கொடுங்கள். கறவை மாட்டுக்கென்றால் கறந்த பிறகு கொடுங்கள், இல்லையென்றால் பாலில் வாடை இறங்கும்.

மிளகாய் கலந்தால் கோழிக்குக் காரமாக இருக்காதா?

இருக்காது. பறவைகளுக்கு அந்தக் காரம் உறைப்பதில்லை. காட்டுமிளகாய் விதையைப் பரப்புவதே அவைதானே!

ஆட்டுக்குத் துவர்ப்புத் தழை போட்டால் குடற்புழு மருந்து வேண்டாம் என்கிறார்கள். நம்பலாமா சார்?

பாதி நம்பலாம். துவர்ப்புக்குக் காரணமான டானின், ஆட்டின் முதல் வயிறான அசையூண் வயிற்றில் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். அங்குள்ள நுண்ணுயிரிகள் அதைச் சிதைக்க முடியாது. நான்காம் வயிற்றின் அமிலத்தில் பிடி விட்டுப்போய், புரதம் ஆட்டுக்கே சேரும். புழுத் தாக்குதலில் ரத்தத்தையும் புரதத்தையும் இழக்கும் ஆட்டுக்கு இது பெரிய உதவி. அதோடு, சில வகை டானின்கள் புழுக்களையும் நேரடியாகத் தாக்கும்.

அளவு மீறினால் கதை மாறும். உலர் தீவனத்தில் டானின் சுமார் 5 சதவீதத்தைத் தாண்டினால் ஆடு தின்பதே குறையும். இன்னொன்று, ஆட்டின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். உள்சதை சிவப்பாக இருந்தால் தழையோடு போகலாம். வெளுத்திருந்தால் ரத்தம் உறிஞ்சும் புழு முற்றிவிட்டது. அன்றே மருந்து கொடுத்தாக வேண்டும்.

ஓமவல்லி வகை எண்ணெய்கள் ஆன்டிபயாடிக்குக்கு மாற்றா?

வளர்ச்சிக்காகத் தினமும் தீவனத்தில் போட்ட ஆன்டிபயாடிக்கை ஐரோப்பிய ஒன்றியம் 2006-இல் முழுதாகத் தடை செய்தது. அதன்பின் இந்த எண்ணெய்களுக்கு மவுசு கூடியது. இவற்றிலுள்ள தைமால், கார்வக்ரால் இரண்டும் பாக்டீரியாவின் சவ்வைக் குலைக்கும். கழிச்சலைக் குறைக்க உதவலாம். நோய் வந்த மாட்டுக்குச் சிகிச்சையாகாது, தடுப்பூசிக்கும் ஈடில்லை. பெல்லட் தீவனம் வாங்கினால் எண்ணெய்க்கு மேல்பூச்சு உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் தயாரிக்கும் சூட்டிலேயே கணிசமாக ஆவியாகிவிடும்.

மஞ்சள்?

மஞ்சளின் சத்தான குர்குமின் ரத்தத்தில் சேருவது சொற்பம். குடலளவில் வீக்கத்தைத் தணிக்கலாம், அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள்.

கன்று பிறந்த அன்றே மூலிகை கொடுக்கலாமா?

முதலில் சீம்பால். 30 கிலோ கன்றுக்கு ஏறக்குறைய 3 லிட்டர், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஒரு நாள் கடந்தால் சீம்பாலில் வரும் தாயின் எதிர்ப்புப் புரதங்களைக் கன்றின் குடல் உறிஞ்சாது. மூலிகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.