கில்ட்டுக்குக் கையால் செய்த ஸ்போரன்: சொல்லிச் செய்யலாமா, கடையில் வாங்கினால் போதாதா?

எடின்பரோவில் நண்பரின் கல்யாணம், கில்ட் கட்டப் போகிறேன், ஸ்போரனை மட்டும் தனியாகச் சொல்லிச் செய்தால் காசுக்குத் தகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரே ஒரு கல்யாணம் என்றால் தகாது. வாடகைக் கடையில் கில்ட், கோட்டு, காலுறை, ஸ்போரன் எல்லாம் ஒரே பையில் போட்டுத் தருவார்கள். ஆனால் இவ்வளவு விசாரிக்கிறீர்கள் என்றால் ஆசை ஏற்கெனவே வந்துவிட்டது. எனக்கும் அப்படித்தான் வந்தது.

தெரியாதவர்களுக்கு: ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும், முழங்கால்வரை வரும் கம்பளி உடைதான் கில்ட். அதில் பாக்கெட் கிடையாது. அதனால் முன்பக்கம் தொங்கவிடும் பைதான் ஸ்போரன். கேலிக் மொழியில் அந்தச் சொல்லுக்கே பணப்பை என்றுதான் அர்த்தம். நம் பாட்டிகளின் சுருக்குப்பை பார்த்த வேலையைத்தான் இதுவும் பார்க்கிறது.

"நீ எந்த ஊர்க்காரன், உனக்கு எதற்கு கில்ட்" என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். 14 வருடமாக இங்கே ஸ்காட்லாந்தில் இருக்கிறேன். பிளாக் வாட்ச் போல யாரும் கட்டக்கூடிய டார்ட்டன்கள், அதாவது கில்ட் துணியின் கட்டம்போட்ட வடிவங்கள், இருக்கின்றன. 1822-இல் லண்டனிலிருந்து வந்த ராஜா நான்காம் ஜார்ஜே இங்கே கில்ட் கட்டிக்கொண்டு நின்றார். இந்த ஊர்க்காரர்கள் இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. "பாவாடை" என்று குடும்ப வாட்ஸப் குரூப்பில் எழுதியது எங்கள் பெரியப்பாதான். மகன் கல்யாணத்தில், மதுரை சித்திரை வெயிலில், மூன்று பீஸ் கோட்டு சூட்டு போட்டு நின்றவர். அவரை யாரும் நீங்கள் எந்த ஊர்த் துரை என்று கேட்கவில்லை. அந்தக் கல்யாணத்துக்கு நான் அனுப்பிய மொய் கிடைத்ததா என்றுகூட இன்றுவரை ஒரு பதில் இல்லை. சரி, அது வேறு கதை.

என் ஸ்போரனைச் செய்தது பெர்த்ஷயர் பக்கம் வீட்டுக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கும் ஒரு அம்மா. அறுபது வயது இருக்கும். விலை 340 பவுண்டு, பாதி முன்பணம், நான்கு மாதக் காத்திருப்பு. கடையில் 50 பவுண்டுக்கே கிடைக்கும் என்பது எனக்கும் தெரியும், அதைச் சொல்லிக் காட்ட வேண்டாம்.

அவர் தைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரே நூல், இரண்டு முனையிலும் ஊசி. தேன்மெழுகுக் கட்டியில் நூலை நாலைந்து முறை இழுத்துக்கொள்கிறார். குத்தூசியால் தோலில் ஒரு துளை, அதே துளைக்குள் இந்தப் பக்கமிருந்து ஓர் ஊசி, அந்தப் பக்கமிருந்து ஓர் ஊசி, பிறகு இரண்டு கையையும் விரித்து ஒரு இழுப்பு. மெஷின் தையலில் ஒரு இடத்தில் நூல் அறுந்தால் வரிசையாகப் பிரிந்துகொண்டே போகும். இதில் ஒரு தையல் போனாலும் அடுத்தது பிடித்துக்கொள்ளும். ஓரங்களை ஈரம் தொட்டு எலும்புத் துண்டால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கினார். நான் கொடுத்த காசு அந்த ஓரத்துக்கே சரியாகப் போயிற்று என்று நினைக்கிறேன்.

இப்போது என் முட்டாள்தனம். முதல் நாளே அவர் கேட்டது ஒரே கேள்வி: "இதற்குள் என்ன வைக்கப் போகிறீர்கள்?" நான் பெரிய ரசிகன் மாதிரி, "ஒன்றும் இல்லை, அழகாக இருந்தால் போதும்" என்றேன். அவர் மறுபடியும் கேட்டார். நான் மறுபடியும் அழகு என்றேன். பை வந்தது. வெளியே 18 செ.மீ. அகலம், ஆனால் கீழே வளைவு, ஓரத்தில் தையல், உள்ளே மிஞ்சியது 14. என் போன் 16. கல்யாணம் முழுக்க அதைக் கம்பளிக் காலுறைக்குள் செருகிக்கொண்டு நடந்தேன். ராத்திரி கேய்லி நடனத்தில் யாரோ கையைப் பிடித்துச் சுழற்றியபோது போன் தரையில் வழுக்கிக்கொண்டு டிரம்ஸ்காரர் காலடிக்குப் போய்விட்டது. பையைத் தைத்த அம்மாவிடம் திரும்பிக் கொண்டுபோய்க் காட்டினேன். பக்கவாட்டுத் தோலை மாற்றினால் ஆழம் கூடும், நீளம் கூடாது என்றார். "நான்தான் கேட்டேனே" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகவே போன், கார் சாவி, கண்ணாடிக்கூடு எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, அளந்து அனுப்புங்கள். டாலரில் விலை கேட்டிருப்பதால் அமெரிக்காவில் இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் சீல் (கடல்நாய்) தோல் ஸ்போரன் பக்கமே போகாதீர்கள். பழைய கடைகளில் அழகழகாகக் கிடக்கும். ஆனால் கடல் பாலூட்டிகளைக் காக்கும் 1972 சட்டம் உங்கள் நாட்டில் இருக்கிறது, விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்ளலாம். மாட்டுத்தோல் போதும். மாலை விருந்துக்குத்தான் மேலே உலோக வளைவும் கீழே உரோமமும் வைத்தது வேண்டும். அந்த வளைவு வெள்ளி என்று சொன்னால் ஹால்மார்க் பாருங்கள், எடின்பரோவில் சோதித்ததில் மூன்று கோபுரக் கோட்டை முத்திரை இருக்கும். குதிரைமயிர் வைத்த நீளமானது பேண்டு வாத்தியக்காரர்களுக்கு.

இடுப்பளவைக் கேட்டால் பேன்ட் சைஸைச் சொல்லாதீர்கள். கில்ட்டைக் கட்டிக்கொண்டு, அதன் மேல் டேப் வைத்து அளக்க வேண்டும். பை பெல்ட் பக்கிளுக்கு ஒரு கை அகலம் கீழே நிற்க வேண்டும். அதற்கும் கீழே தொங்கினால் நடக்கும்போது பையின் முன்னால் தொங்கும் குஞ்சங்கள் மூன்றும் தொடையில் தட்டிக்கொண்டே வரும். பின்பக்கம் சங்கிலியைவிடத் தோல் வாரே நல்லது. சங்கிலி கம்பளியை அரிக்கும்.

இன்றைக்கும் விசேஷம் என்றால் அந்தப் பையைத்தான் கட்டுகிறேன். உள்ளே இன்ஹேலர், ஒரு கைக்குட்டை, இரண்டு பாரசிட்டமால். போன் மனைவியின் கைப்பையில் வரும்.