"எதில ஸ்பெஷல் செய்யப் போறாய்?"

கேள்வி: அக்கா, யாழ்ப்பாணக் கம்பஸில் எனக்குக் கலைப்பீடம் கிடைத்திருக்கிறது. காண்கிறவர்கள் எல்லோரும் "எதில ஸ்பெஷல் செய்யப் போறாய்?" என்றுதான் கேட்கிறார்கள். எந்தப் பாடத்தில் சிறப்புப் பட்டம் செய்வது என்று எனக்கே தெரியவில்லை. கூடப் படித்தவர்கள் தீர்மானித்துவிட்டார்கள். நான் மட்டும் ஒன்றும் தெரியாமல் போகிறேனோ என்று பயமாக இருக்கிறது.

- வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: தங்கச்சி, அந்தத் தீர்மானித்துவிட்டவர்களை அப்படியே நம்பிவிடாதே. நானும் அப்படி ஒருத்தியாக இருந்தவள்தான். போரால் மூடிக்கிடந்த யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை 2002 இல் திறந்தது. அடுத்த வருடம் மல்லாவியிலிருந்து கம்பஸுக்குப் போனேன். முகமாலைச் சோதனைச்சாவடியில் இறங்கி, பையைத் திறந்து காட்டி, திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற ஒரு ஐயா "என்ன படிக்கப் போறாய் பிள்ளை?" என்றார். "தமிழ் ஸ்பெஷல்" என்றேன். அப்படிச் சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. வேறு காரணம் இல்லை.

முதல் வருடம் தமிழும் பொருளியலும் எடுத்தேன். மூன்றாவதாக, சும்மா இடத்தை நிரப்பப் புவியியல். ஒருநாள் வகுப்பில் ஓரங்குல நிலப்படத்தை விரித்தார்கள். பாலியாறு வந்து விழ, எங்கள் வவுனிக்குளம் நீலமாகக் கிடந்தது. ஒரு அங்குலம் ஒரு மைல். குளத்துக்கும் எங்கள் வயலுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று நூல் பிடித்து அளந்தேன். சிறுபோகத்தில் கடைசித் தண்ணீர்தான் நமக்கு என்று அப்பா ஏன் ஏசுவார் என்பது அப்போதுதான் புரிந்தது. படத்தை வீட்டுக்குக் கொண்டுபோகப் பயம், இடையில் முகமாலை இருக்கிறதே. முற்றத்து மண்ணில் கீறிக் காட்டினேன். "இதைப் படிக்கவோ யாழ்ப்பாணம் போனனீ?" என்றார் அப்பா. ஓம், அதைத்தான் நான்கு வருடமும் படித்தேன்.

ஆகவே தெரியாமலே போ. ஆனால் முதல் வருடப் பாடத் தெரிவில் மட்டும் கவனம். அந்த வருடம் எடுக்காத பாடத்தில் பிறகு ஸ்பெஷல் கேட்பது கஷ்டம், எடுத்ததிலும் புள்ளி காணாவிட்டால் தரமாட்டார்கள். ஏ.எல் பரீட்சையில் உனக்கு நன்றாக வந்த பாடம் ஒன்று இருக்கட்டும். பள்ளிக்கூடத்தில் இல்லாத ஒன்றும் இருக்கட்டும். சமூகவியல், மொழியியல் மாதிரி. எதோடு எது சேராது என்பதைப் பீட அலுவலகத்திலேயே கேள், சீனியர் சொன்னதை வைத்துப் படிவம் நிரப்பாதே.

அதுவரை யாராவது கேட்டால் தமிழ் என்று சொல். மேற்கொண்டு கேட்கமாட்டார்கள்.