மோரிஸ் மைனர்: எவ்வளவு பிளீட் செய்தும் பிரேக் பெடல் இறங்குவது ஏன்?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் மோரிஸ் மைனர் 1000 கார் வைத்திருக்கிறேன். வீல் சிலிண்டர் ரப்பர்களை மாற்றிப் பலமுறை பிளீட் செய்தாயிற்று (பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றியாயிற்று). முதல் மிதியில் பெடல் பாதிக்கு மேல் இறங்குகிறது. மறுபடி மிதித்தால் உயர்ந்து கெட்டியாக நிற்கிறது. காற்று எங்கே இருக்கிறது?

பதில்: அநேகமாகக் காற்றே இல்லை. காற்று இருந்தால் எத்தனை முறை மிதித்தாலும் பெடல் மெத்தென்றே இருக்கும். இரண்டாம் மிதியில் கெட்டியாகிறது என்றால் பிரேக் ஷூவுக்கும், அது உரசி நிறுத்தும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம்.

முன் சக்கரத்துக்கு இரண்டு, பின் சக்கரத்துக்கு ஒன்று என இந்த வண்டியில் அந்த இடைவெளியைச் சரிசெய்ய ஆறு அட்ஜஸ்டர்கள். முன்னால் ஒன்றை மட்டும் திருப்பிவிட்டு மற்றதை மறந்துவிடுவது வழக்கமான கோளாறு. ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, ஹப் கேப்பைக் கழற்றி, டிரம் துளை வழியாக ஸ்க்ரூடிரைவரால் வலப்பக்கம் திருப்பி ஆறையும் இறுக்குங்கள். இப்போது மிதித்துப் பாருங்கள். பெடல் உயரத்திலேயே கெட்டியாக நின்றால் காற்று இல்லை. ஒவ்வொன்றையும் ஒரு பல் தளர்த்தினால் வேலை முடிந்தது. ஹேண்ட்பிரேக் கேபிளை அதற்குப் பிறகுதான் தொட வேண்டும்.

அப்போதும் மெத்தென்று இருந்தால், மூன்று ரப்பர் ஹோஸ்களையும் உருண்டை வாய் கிளாம்பால் நெரித்து, ஒவ்வொன்றாக விடுவியுங்கள். எதை விட்டதும் பெடல் இறங்குகிறதோ, குறை அந்தப் பக்கம். வெடிப்பு விட்ட பழைய ஹோஸை நெரிக்காதீர்கள், மாற்றிவிடுங்கள். முன்பக்கம் என்றால் காற்றை வெளியே விடும் நிப்பிள் இருக்கும் சிலிண்டர் மேலே இருக்கிறதா பாருங்கள். இடம் மாறிப் பூட்டியிருந்தால் காற்று வெளியே வர வழியே இல்லை.

பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலடியில், சேஸிஸுக்குள் இருக்கிறது. சக்கரங்களைவிடப் பெரிய உயரம் இல்லை என்பதால், நிப்பிளைத் திறந்து சொட்டவிடும் முறை இங்கே பலன் தராது. ஆளை வைத்து மிதிக்கத்தான் வேண்டும். வலப்பக்க ஸ்டியரிங் வண்டிக்கு இடது பின், வலது பின், இடது முன், வலது முன் என்பது வரிசை. நிப்பிளைத் திறந்து மெதுவாக மிதித்து, கால் கீழே இருக்கும்போதே நிப்பிளை மூடி, காலை எடுத்து மூன்று நான்கு விநாடி பொறுங்கள். படபடவென்று மிதித்தால் பிரேக் ஆயில் நுரைக்கும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். தரைவரை போனால் சிலிண்டரின் துருப்பிடித்த பகுதியில் ரப்பர் உரசிக் கிழியும்.

ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை ஆயில் ஊற்றுங்கள், டாட் 3 அல்லது டாட் 4 தர பிரேக் ஆயில் மட்டும். மாஸ்டர் சிலிண்டர் மூடியைச் சுற்றியுள்ள மண்ணை முதலில் துடைக்காவிட்டால் அது அப்படியே உள்ளே விழும்.

வேக்கம் பம்ப் வைத்து இழுத்தால் குமிழி முடிவே இல்லாமல் வரும். அதில் பாதி நிப்பிள் மரை வழியாக உள்ளே வரும் வெளிக்காற்று. அதை நம்பி ஆயிலை வீணாக்க வேண்டாம்.

பெடலில் சுமார் 13 மிமீ ஃப்ரீ பிளே இருக்க வேண்டும். இல்லையென்றால் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது, ஆயில் திரும்பும் சிறு துளை அடைபட்டு பிரேக் பிடித்துக்கொள்ளும். எல்லாம் சரியாக இருந்தும், அழுத்திப் பிடித்த பெடல் மெல்ல மெல்ல இறங்கி, வெளியே கசிவும் இல்லையென்றால், மாஸ்டர் சிலிண்டரைக் கழற்ற வேண்டியதுதான்.