டெலோமரேஸும் புற்றுநோயும்: கேட்டவர்களுக்குப் பதில்

செல் உயிரியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். மருத்துவன் அல்ல. இந்த வாரம் வந்த கேள்விகளுக்குத் தெரிந்த வரை எழுதுகிறேன்.

டெலோமியர் என்றால் என்ன சார்? அதற்கும் கேன்சருக்கும் என்ன தொடர்பு? (பிளஸ் டூ மாணவி, திருமங்கலம்)

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிகை கட்டுகிறவர் கையைக் கவனித்துப் பாரும்மா. கடைசிப் பூவுக்கு அப்புறமும் ஒரு விரல் நீளம் நார் விட்டுத்தான் நறுக்குவார். ஒட்ட நறுக்கினால் முடிச்சு நழுவிப் பூ உதிரும். குரோமோசோமின் இரு முனையிலும் அப்படி விட்டுவைத்த நார்தான் டெலோமியர். செல் இரண்டாகப் பிரியும்போதெல்லாம் டி.என்.ஏ.வைப் படியெடுக்கிற என்சைமால் நுனி வரைக்கும் போக முடியாது. அதனால் ஒவ்வொரு தடவையும் டெலோமியரில் 50 முதல் 100 எழுத்து (டி.என்.ஏ.வின் சிறு அலகு) வரை குறையும். 50 தடவை போலப் பிரிந்ததும் செல் நின்றுவிடும். அந்த நிறுத்தம் நமக்குக் காவல்.

குறைந்த நாரைத் திரும்ப நீட்டிக் கொடுப்பது டெலோமரேஸ் என்ற என்சைம். 1984ல் கரோல் கிரைடரும் எலிசபெத் பிளாக்பர்னும் குளத்து நீரில் வாழும் டெட்ராஹைமினா என்ற ஒற்றைச் செல் உயிரில் இதைக் கண்டார்கள். 2009ல் ஜாக் சோஸ்டாக்குடன் நோபல் பரிசு பெற்றார்கள். நம் உடம்பில் புதுச் செல்களை உருவாக்கும் ஸ்டெம் செல் போன்ற சிலவற்றைத் தவிர, மற்ற செல்களில் இது பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். ஆனால் 100 புற்றுநோய்களை எடுத்தால் 85 முதல் 90ல் மறுபடி வேலை செய்துகொண்டிருக்கும். அதனால்தான் அந்தச் செல்கள் நிற்காமல் பெருகுகின்றன.

அப்போ டெலோமரேஸ்தான் கேன்சரை உண்டாக்குதா? (மேலூர்)

இல்லை தம்பி. 1998ல் சாதாரண மனிதச் செல்களில் டெலோமரேஸை மட்டும் ஏற்றிப் பார்த்தார்கள். செல்கள் ஓயாமல் பிரிந்தன, ஆனால் புற்றாக மாறவில்லை. புகையிலை, வெயில், சில வைரஸ்கள் மரபணுவைக் கெடுத்துத் தொடங்கி வைக்கும் வேலையை, இது தொடர்ந்து நடக்க விடுகிறது.

இதை நிறுத்த மருந்து உண்டா? (செல்லூர்)

டெலோமரேஸை அடக்கும் இமெடெல்ஸ்டாட் என்ற ஊசி மருந்தை 2024ல் அமெரிக்கா அனுமதித்தது. எலும்பு மஜ்ஜையில் வரும் ஒரு வகை ரத்தக் கோளாறுக்கு, அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டியவர்களுக்கு மட்டும். வெள்ளையணுவும், ரத்தம் உறைய உதவும் தட்டணுவும் குறைவது இதன் பெரிய பக்கவிளைவு.

டெலோமியரை நீட்டும் கேப்ஸ்யூல் வாங்கலாமா? (திருநகர்)

வாங்காதீர்கள். பிறவியிலேயே நீளமான டெலோமியர் உள்ளவர்களுக்குத் தோலில் வரும் மெலனோமா போன்ற சில புற்றுநோய்கள் கூடுதலாக வருகின்றன. நீளம் கூடினால் ஆயுள் கூடும் என்று சொல்லி விற்பது தவறு.

அப்பா புகையிலை போடுவார். கன்னத்துக்குள் புண் வந்து மூன்று வாரம் ஆச்சு. டெலோமரேஸ் டெஸ்ட் எடுக்கணுமா? (உசிலம்பட்டி)

அந்த டெஸ்ட் வேண்டாம் அம்மா. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண்ணை டாக்டர் கண்ணால் பார்க்கணும், தேவைப்பட்டால் சதைத் துணுக்கு எடுத்துப் பரிசோதிக்கணும். நாளைக் காலை முதல் பஸ்ஸிலேயே மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்குக் கூட்டி வாருங்கள். புகையிலையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.