மூட்டு வலிக்குக் கலஹாரிக் கிழங்கு: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: நமீபியாவில், விண்ட்ஹூக் நகரில் வேலை பார்க்கிறேன். அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். அம்மாவுக்கு வயது 63, முழங்கால் தேய்மானம். இரண்டு வருடத்துக்கு முன் குடல்புண்ணுக்கு வைத்தியம் பார்த்தோம். இங்கே எல்லோரும் 'டெவில்ஸ் கிளா' என்ற கலஹாரிப் பாலைவனக் கிழங்கை வாங்கிப் போகச் சொல்கிறார்கள். சந்தையில் சீவிக் காயவைத்த வில்லைகளாகவும், மருந்துக் கடையில் 500 மில்லிகிராம் மாத்திரையாகவும் கிடைக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: அம்மாவுக்கென்று இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். அந்தக் குடல்புண்தான் காரணம். ஒரு வில்லையை நாக்கில் வைத்துப் பாருங்கள், கசப்பு தொண்டைவரை இறங்கும். அந்தக் கசப்பு வயிற்றில் அமிலத்தைத் தூண்டும். கலஹாரியின் சான் பழங்குடி மக்கள் வலிக்கு மட்டுமல்ல, செரிமானக் கோளாறுக்கும் இதைக் கொடுத்து வந்திருக்கிறார்கள். பசி எடுக்காதவருக்கு அது நல்லது, புண் உள்ள வயிற்றுக்கு ஆகாது. புண் முழுசாக ஆறிவிட்டதா என்று அம்மாவைப் பார்த்த மருத்துவரிடம் கேளுங்கள். பித்தப்பைக் கல் இருந்தாலும், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிட்டாலும் அதையும் சொல்லிவிடுங்கள்.

அவர் சரி என்றால் மாத்திரையே வாங்குங்கள். ஆனால் அட்டையிலுள்ள 500 என்ற எண்ணை நம்பி வாங்க வேண்டாம். நீங்கள் தேட வேண்டியது ஹார்பகோசைடு என்ற சத்தின் அளவு. காய்ந்த கிழங்கில் அது குறைந்தது 1.2 சதவீதம் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய மருந்துத் தரநூலின் விதி. அந்தக் கணக்கில், வெறும் பொடியை அடைத்த 500 மில்லிகிராம் மாத்திரையில் இருப்பது 6 மில்லிகிராம். இடுப்பு வலிக்கு இதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் ஒரு நாளைக்கு 50 முதல் 100 மில்லிகிராம் ஹார்பகோசைடு கிடைக்கும்படி கொடுத்தார்கள். 50 வர வேண்டுமானால்கூட எட்டு மாத்திரைக்கு மேல் விழுங்க வேண்டும்! அதனால் 'எக்ஸ்ட்ராக்ட்' (சாறு) என்றும், ஹார்பகோசைடு எத்தனை மில்லிகிராம் என்றும் எழுதியிருப்பதை மட்டும் எடுங்கள். இது வலியைத்தான் கொஞ்சம் குறைக்கும், தேய்ந்த மூட்டைச் சரிசெய்யாது. நான்கு வாரத்தில் வலி குறையாவிட்டால் மறுபடி மருத்துவரிடம் போக வேண்டும்.

வில்லை வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு. நன்றாகத் தோண்டத் தெரிந்தவர்கள் தாய்க்கிழங்கைத் தொடாமல், பக்கத்தில் கிளைத்த கிழங்குகளை மட்டும் எடுத்துவிட்டுக் குழியை மூடுவார்கள். செடி பிழைத்து மறுபடி கிழங்கு வைக்கும். தாய்க்கிழங்கில் சத்தும் பக்கக் கிழங்கில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். வில்லையாகச் சீவிக் காயவைத்த பிறகு எது எதென்று நம்மால் கண்டுபிடிக்க முடியாது.

அப்புறம், ஊரில் தரிசு நிலத்தில் முளைக்கும் தேள்கொடுக்குச் செடியையும் ஆங்கிலத்தில் 'டெவில்ஸ் கிளா' என்பார்கள். அது வேறு செடி. கலஹாரிச் செடி நம் எள்ளுக்கும் யானை நெருஞ்சிலுக்கும் சொந்தம். அட்டையில் 'ஹார்பகோஃபைட்டம்' என்ற தாவரப் பெயர் இல்லாவிட்டால் அந்த டப்பாவைத் திருப்பி வைத்துவிடுங்கள்.