தோட்ட வரைபடம் போடுபவர் ஐஎஸ்ஓ 19115 படிக்க வேண்டுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரப் பழைய ரப்பர் தோட்டங்களில் லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்), கோயில், தமிழ்ப்பள்ளி இருந்த இடங்களை வரைபடமாக்குகிறோம், ஐஎஸ்ஓ 19115 என்னும் மெட்டாடேட்டா (தரவைப் பற்றிய விவரக் குறிப்பு) தரநிலை எங்களுக்கும் தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தேவைதான். ஆனால் முழுக்கப் படிக்க வேண்டாம். நானும் இதே ஊர்தான். செம்பனைத் தோட்டங்களுக்கு வரைபடம் போடுவது பிழைப்பு. ‘பிளாக் மேப் ஃபைனல் 2’ என்று ஒரு கோப்பு வரும். யார் அளந்தது, எந்த வருஷம், ஜிபிஎஸ் எடுத்ததா, காகித வரைபடத்தை ஸ்கேன் செய்து கோடு இழுத்ததா, ஒன்றும் இருக்காது. கேட்கலாமென்றால் விவரம் தெரிந்த கிராணி (தோட்ட அலுவலக எழுத்தர்) ஓய்வு பெற்றுப் போயிருப்பார். இந்த விவரங்களை உலகம் முழுக்க ஒரே கட்டங்களில் நிரப்பத்தான் 2003ல் ஐஎஸ்ஓ 19115 வந்தது. 2014ல் திருத்தி 19115-1 ஆக்கினார்கள். 19139 என்பது 2003 பதிப்பின் விவரங்களை எக்ஸ்எம்எல் என்னும் கணினிக் கோப்பு வடிவில் எழுதும் முறை. அதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

2003 பதிப்பின் அடிப்படைப் பட்டியலில் தலைப்பு, தேதி, மொழி, சுருக்கம் போன்றவை கட்டாயம். தரவு உருவான விதமும் ஆயத்தொலை முறையும் (இடத்தை எண்களால் குறிக்கும் முறை) விருப்பம்தான்! எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. தலைப்பைப் பிறகு யாரும் யூகித்து எழுதிவிடலாம். நம் தீபகற்பத்தில் பழைய நில அளவைப் படங்கள் காசினி என்னும் ஆயத்தொலை முறையில், மாநிலத்துக்கு மாநிலம் வேறு மூலப்புள்ளியோடு இருக்கும். மற்ற பழைய வரைபடங்கள் கெர்த்தாவ் என்னும் பழைய அளவை அடிப்படையில், புதியவை ஜிடிஎம்2000 என்னும் புதிய அடிப்படையில். கைப்பேசி காட்டுவதோ ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ்84. எது என்று குறிக்காமல் ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் கோயில் ஆற்றுக்குள் போய் நிற்கும்.

உங்கள் வேலைக்கு உருவான விதம் இன்னும் முக்கியம். ‘முன்னாள் பால்மரத் தொழிலாளி நேரில் காட்டிய இடம், கைப்பேசியில் குறித்தது’ என்பதும் ‘பழைய வரைபடத்திலிருந்து எடுத்தது’ என்பதும் வேறு வேறு நம்பகம். ஒவ்வொரு புள்ளிக்கும் எழுதுங்கள். அப்புறம், நீங்கள் வரைந்த தேதி வேறு, பள்ளி அங்கே இருந்த காலம் வேறு. தரநிலையில் இரண்டுக்கும் தனித்தனி இடம் உண்டு.

பொருள் வகைக்கு, அதாவது தரவு எந்தத் துறையைச் சேர்ந்தது என்று குறிக்கும் கட்டத்துக்கு, மண்டையை உடைக்காதீர்கள். 2003 பதிப்பில் 19 வகைகள். ஒன்றுக்கு மேலும் தேர்ந்தெடுக்கலாம்.

கியூஜிஐஎஸ் என்னும் வரைபட மென்பொருள் இலவசம். அதில் லேயரின் (வரைபட அடுக்கின்) பண்புகளுக்குள் மெட்டாடேட்டா பக்கம் இருக்கிறது. வரையும் அன்றே நிரப்பிவிடுங்கள். ஷேப்ஃபைல் என்பது பல கோப்புகள் சேர்ந்த வரைபடத் தரவு; அதை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது வடிவங்கள் உள்ள எஸ்ஹெச்பியை மட்டும் அனுப்பாமல் பிஆர்ஜே (ஆயத்தொலை முறை), கியூஎம்டி (மெட்டாடேட்டா) உட்படக் கூட இருக்கும் எல்லாக் கோப்புகளையும் ஒரே ஜிப்பாகக் கட்டி அனுப்புங்கள்.